அடிப்பூச்சில் கிடக்கும் தனுஷ்கோடி

பழைய வண்டியின் கதவுக்குப் பட்டி பார்ப்பதற்கு முன்னால், வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க மேலேயிருக்கும் சிவப்பு விலகி ஒரு வெள்ளை வளையம் தெரியும். அதற்குள் ஒரு நீலம், அதற்குள் பிரைமரின் காவி, நடுவில் தகரம். அந்த வண்டி எத்தனை கை மாறியது, எந்தெந்த நிறத்தில் ஓடியது என்பதெல்லாம் ஒரு உள்ளங்கை அகலத்தில் வந்துவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் பெயின்ட் ஷாப் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். கலப்பு ஊடகப் படம் எதன் முன்னால் போய் நின்றாலும் என் கண் தேடுவது அந்த வளையத்தைத்தான்.

அதனால்தான் என் மனம் திரும்பத் திரும்ப ஓவியர் சி. டக்ளஸிடம் போய் நிற்கிறது. மெட்ராஸ் ஓவிய மரபு என்றதும் எல்லோரும் பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் தொடங்கி, ஆதிமூலத்தின் கோட்டுக்கு வந்து, அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இருவருமே எனக்கும் பெரியவர்கள்தான். ஆனால் தலச்சேரியில் 1951இல் பிறந்து, இங்கே சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, எண்பதுகளில் ஜெர்மனியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, சோழமண்டல ஓவியர் கிராமத்துக்குத் திரும்பி வந்த டக்ளஸ், தாளைக் கசக்கிய விதம் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. கசக்கிய தாளை விரித்தால் மடிப்புகள் போகாது. அந்த மடிப்பில் கரி தங்கும், மண்நிறம் தேங்கும், மேட்டில் மட்டும் நிறம் தேய்ந்து வெளிறும். முதுகு கூனிய அந்த உருவங்கள் தாளின் மேல் வரையப்பட்டவை போலவே இருக்காது. தாளுக்குள் வெகுநாள் கிடந்து மெல்ல மேலே வந்தவை போலிருக்கும்.

முதன்முதலில் அவருடைய படம் ஒன்றின் முன்னால் நின்றபோது, உருவத்தை நான் பார்க்கவேயில்லை. இடது ஓரத்தில் ஒரு மடிப்பு. அதில் மூன்று நிறம் ஒன்றன்மேல் ஒன்றாக, நகத்தால் கீறினாற்போலத் தெரிந்தது. அரைமணி நேரம் அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் விட்டு ஊர் போய் வந்தவனின் மனது அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. போன ஊர் மேலே தெரியாது. மடிப்பில் இருக்கும். அவர் ஜெர்மனியை வரையவில்லை. அங்கிருந்து திரும்பி வந்தவனின் தாளை வரைந்தார். ‘குருட்டுக் கவிஞனும் பட்டாம்பூச்சிகளும்’ வரிசையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பார்வை போன பிறகும் கையில் மிஞ்சுகிற தடம் அது.

இதை மறுக்கும் ரசிகர்கள் எனக்கு நெருங்கிய நண்பர்கள். போன இடத்திலேயே உட்கார்ந்து, வெயில் மாறுவதற்குள் நீர்வண்ணத்தில் பிடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஓவியர் எஸ். இளையராஜாவின் படங்களில் கதவு வழியாக விழும் அந்த ஒளியைக் காட்டி, “இதைவிட ஒரு ஊரை எப்படிச் சொல்வது?” என்று கேட்பார்கள். அந்த ஒளிக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனால் அது இருக்கும்போது பார்த்தது. நான் பேசுவது, வந்த பிறகு மிஞ்சுவது. அப்படி மிஞ்சுவதில் கோபுரம் இருக்காது. கோபுரத்தடியில் செருப்பு விட்ட இடத்தின் சூடு இருக்கும். அதைத் தூரிகை நுனியால் பிடிக்க முடியாது. ஒட்டி, மூடி, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இப்படி ஒட்டுவது புதிதல்ல. ஓவியர் பிராக் 1912இலேயே வண்ணத்தில் மணலைக் கலந்தார். ஹானோவரில் ஷ்விட்டர்ஸ் தெருவில் கிடந்த ட்ராம் டிக்கெட்டுகளைப் பொறுக்கி வந்து ஒட்டினார். நம் பக்கத்தில் வி. விஸ்வநாதன் இன்னும் ஒரு படி மேலே போனார். சோழமண்டலத்தின் தொடக்கக்காரர்களில் ஒருவர், 1968இலிருந்து பாரிஸ்வாசி. எழுபதுகளில் இந்தியக் கடற்கரையோரமாகவே பயணம் செய்து ஊர் ஊராக மணல் சேகரித்தார். அந்தப் பயணம் ‘மணல்’ என்று திரைப்படமாகவும் ஆனது. பயணத்திலிருந்து கொண்டுவர வேண்டியது எது என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

ஆவடியில் ஒரு நண்பர் இருக்கிறார். டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்காட்சி வைத்ததில்லை, வைக்கப் போவதுமில்லை. தொண்ணூறுகளில் அவர் தன் அப்பாவை ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் அழைத்துப் போனார். அப்போது தார்ச்சாலை கிடையாது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேனில் மணலிலும் தண்ணீரிலுமாகப் போக வேண்டும். 1964 புயலில் போன ஊரைப் பார்த்துவிட்டு அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். அப்பா போய்ப் பல வருஷம் கழித்துத்தான் நண்பர் அந்தப் படத்தைத் தொடங்கினார்.

இரண்டடிக்கு மூன்றடிப் பலகை. பிரைமர் அடித்து, அதன்மேல் முதலில் பென்சிலால் அந்தப் பயணத்தின் செலவுக் கணக்கை எழுதினார். மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் பாசஞ்சரில் போன அட்டை டிக்கெட் இரண்டு இருந்தது. இறங்கும்போது வாயிலில் வாங்கிக்கொள்ள ஆளில்லாததால் பையிலேயே தங்கிவிட்டது. அவற்றை ஒட்டினார். அப்பாவின் வேட்டிக் கரையில் ஒரு சாண் ஒட்டினார். பிறகு மணல். அதை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவினார். கழுவாத கடல்மணலில் உப்பு இருக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். இரண்டு மழைக்காலம் தாண்டாது, பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். கழுவிய மணலை அக்ரிலிக் மீடியத்தில் குழைத்துத் தடவினார். அதன்மேல் தண்ணீராகக் கரைத்த சாம்பல்நீலம் ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் முழுக்கக் காயவிட்டு, நானூறாம் நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, மறுபடி பூச்சு. இடையில் ஐப்பசி, கார்த்திகை வந்ததால் படம் காய்வதற்கே மூன்று மாதம் பிடித்தது.

படத்தில் கடல் இல்லை. இடிந்த தேவாலயம் இல்லை. மேலே முக்கால் உயரத்தில் ஒரு வெள்ளைக்கோடு, அவ்வளவுதான். வலது கீழ்மூலையில் மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்திருக்கிறார். அங்கே சாம்பல்நீலத்துக்குள் மணலின் பழுப்பு, அதற்குள் வேட்டிக் கரையின் பச்சை, அதற்குள் டிக்கெட்டின் மூலையில் அச்சான எண்ணில் இரண்டு இலக்கம். நான் வண்டிக் கதவில் பார்த்த அதே வளையம். இந்தப் பக்கத்தில் என் கண்ணால் பார்த்த படங்களில் அதை மிஞ்சியது இல்லை.

இப்போது இந்தக் கலை எங்கே போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். டப்பாவில் வரும் டெக்ஸ்சர் பேஸ்ட்டைக் கரண்டியால் அப்பி, உலக வரைபடம் அச்சடித்த தாளை ஒட்டி, ஓரத்தில் தங்கத்தாள் வைத்தால் பயணப்படம் ஆகிவிடுகிறது. ஹேர் டிரையர் காட்டி ஒரே மாலையில் நாலு அடுக்கு முடித்துவிடுகிறார்கள். காயக் காத்திருக்காத அடுக்கு, அடுக்கே அல்ல. காயும் நாட்களில்தான் வரைபவன் பயணத்தில் பாதியை மறக்கிறான். மறந்தது போக நிற்பதுதான் அடுத்த பூச்சு.

பொருளும் கைவிட்டுப் போகிறது. பல்லவன் பஸ் டிக்கெட் மெல்லிய வண்ணத்தாளில் மையச்சாக இருந்தது. பசையைக் குடித்து, பலகையோடு பலகையாகப் படிந்துவிடும். இன்று கருவியிலிருந்து சுருண்டு வரும் தாளில் மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கும், பையில் கிடந்தாலே வெளிறும். அதை ஒட்டி என்ன பயன்? ஒட்டியதைக் காப்பாற்றுவதும் எளிதல்ல. நானும் வரைவதுண்டு. என்னுடைய ஒரு படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்திருந்தேன். கடைக்காரர் ஓரத்தை ஒழுங்கு செய்வதாக நினைத்து, அடுக்கு தெரிந்த அரை அங்குலத்தை நான்கு பக்கமும் வெட்டிவிட்டார். படமே அந்த அரை அங்குலத்தில்தான் இருந்தது. அவருக்கு அது கசங்கல்.

நம் பக்கத்துப் பூந்தமல்லிக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய ஓவியப்பள்ளி, ராய் சௌத்ரியும் பணிக்கரும் முதல்வர்களாக இருந்த அதே பள்ளி, உங்கள் ஊர்ப் பெயரில் ஓடிய நெடுஞ்சாலையில்தான் பெரியமேட்டில் இருக்கிறது. சாலைக்கு ஈ.வெ.ரா. பெரியார் பெயர் வைத்த பிறகும் நம் வாயில் அது பூந்தமல்லி ஹைரோடுதான். அந்தக் கதவைத் தாண்டிப் போகாத நாள் நமக்குக் குறைவு. உள்ளே போன நாள் அதைவிடக் குறைவு. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமிக்கோ ஈஞ்சம்பாக்கம் சோழமண்டல அருங்காட்சியகத்துக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். படத்துக்கு நேர் எதிரில் நிற்காதீர்கள். பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் சாய்ந்து விழும் கோணத்தில் ஓரத்தைப் பாருங்கள். எத்தனை அடுக்கு என்று எண்ணுங்கள்.

வீட்டு பீரோவில் பழைய அட்டை டிக்கெட் எங்காவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இனி அது அச்சாகப் போவதில்லை.