கண்டிச் சீமைப் பாதையும் திரைப்படத்தின் பார்வையும்

2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம், தம்புள்ளை, நாவுல வழியாக ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. மலையக மக்களின் வருகைக்கு இருநூறாண்டு நிறைந்தமையை ஒட்டி நிகழ்ந்த அந்நடை, 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியத் தொழிலாளர் கால்நடையாக வந்த வடபாதையைப் பின்பற்றியது. காடும் காய்ச்சலும் வாந்திபேதியும் நிறைந்த அப்பாதையில், நாவுல என்பது வறண்ட நிலக்காடு முடிந்து மலைச்சாரல் தொடங்கும் எல்லைப்புறம். இன்று நெடுஞ்சாலையிற் பேருந்தில் விரைவோருக்கு அது ஒரு சிறு கடைத்தெரு மாத்திரமே. அவ்வூரில், அப்பாதையால் வந்தோரின் வழித்தோன்றல்கள் சிலரோடு அமர்ந்து பாலாவின் 'பரதேசி' (2013) படத்தை மீண்டும் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. படம் முடிந்தபின் முதியவர் ஒருவர் எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். வழியில் விழுந்தவர்களைக் காட்டினார்கள், சரி. வந்து சேர்ந்தவர்கள் அதன்பின் என்ன செய்தார்கள் என்பதைக் காட்டவில்லையே என்றார் அவர்.

'பரதேசி' இலங்கை பற்றிய படமன்று. வால்பாறைப் பகுதித் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்து, தொழிற்சங்க அமைப்பிலும் ஈடுபட்ட பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவலை அது அடியொற்றியது. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என அந்நாவல் தமிழ் வாசகருக்கு அறிமுகமானது. எனினும் கங்காணி, முற்பணம், நெடுநடை, லயம், தீராக்கடன் என்பன பாக்கு நீரிணையின் இருபுறத்துக்கும் பொதுவானவை. ஆதலின் மலையகப் பார்வையாளன் அப்படத்தில் தன் பாட்டன் பூட்டனைக் காண்பது இயல்பே.

படத்தின் சிறப்பை மறுப்பதற்கில்லை. நாற்பத்தெட்டு நாள் நடையும், சோர்ந்து விழுந்த கணவனை விட்டு மனைவி இழுத்துச் செல்லப்படும் காட்சியும் தமிழ்த் திரை அதுவரை கண்டிராதவை. அதனினும் மேலானது சம்பளக் கணக்குத் தீர்க்கும் காட்சி. ஆண்டு முழுவதும் உழைத்தவன் முன்னே, கழிக்க வேண்டியவை ஒவ்வொன்றாகக் கழிக்கப்பட்டு, இறுதியில் உழைத்தவனே கடனாளியாகிறான். அடிக்கும் கோலைவிடக் கணக்கேடு கொடியது என்பதை இங்கு இயக்குநர் உணர்ந்திருக்கிறார். இலங்கையில் இதே உறவு 'துண்டு' முறையாக நிலவியது. தொழிலாளி கங்காணிக்குப் பட்ட கடனைத் தீர்ப்பவர் அவனைத் தம் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என எழுதிய சீட்டே துண்டு. மனிதன் கைமாறுவதற்குக் கடன் கருவியாயிற்று. 1921இலேயே அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஆயின் படம் இவ்வுணர்வை நெடுநேரம் தாங்கி நிற்கவில்லை. கணக்கேட்டிற்குப் பின்னுள்ள மூலதனத்தைத் தேடுவதற்கு மாறாக, கங்காணியின் கொடுமனத்தையும் துரையின் காமத்தையும் அது தேடிச் செல்கிறது. கங்காணி கொடியவனாயிருந்திருக்கலாம். ஆனால் அவன் கொடுத்த முற்பணம் தோட்டத்தின் பணம். தன்கீழ் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு பேருக்கும் அவன் பெற்ற தலைக்காசும் தோட்டத்தின் ஏற்பாடே. அமைப்பின் கொடுமை தனிமனித ஒழுக்கக்கேடாகச் சுருங்கும்போது, பார்வையாளனுக்கு எஞ்சுவது கண்ணீரும் சாபமும்தான். மருத்துவர் பாத்திரம் இன்னும் வருந்தத்தக்கது. தொழிலாளரின் நோயையும் வறுமையையும் எழுத்தில் வடித்த ஒரு மருத்துவரின் நாவலிலிருந்து பிறந்த படம், மருத்துவரை ஆடிப்பாடி மதம் மாற்றும் கோமாளியாக்கிவிட்டது. (இப்படம் பெற்ற தேசிய விருது ஆடை வடிவமைப்புக்கானது. சாக்குத்துணியின் உண்மைத்தன்மைக்குப் பரிசு கிடைத்ததென்றால், நாம் என்ன சொல்வது!)

முதியவரின் வினா இங்குதான் கூர்மை பெறுகிறது. படத்தின் கதை 1939இல் நிகழ்வதாகக் காட்டப்படுகிறது. தப்பியோட முயன்றவனின் கால் நரம்பு வெட்டப்படுகிறது. முடிவில் மனைவியும் குழந்தையும் அதே நரகத்துக்கு வந்துசேர, அவன் பாறைமீதமர்ந்து கதறுகிறான். அதே காலத்து மலையகத்தை நோக்குவோம். கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தது 1931இல். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் சூட்டுக்குப் பலியானார். அதாவது, திரையில் ஒருவன் விதியை நொந்து அழும் அதே ஆண்டுகளில், வரலாற்றிலே அவன் ஒத்தோர் வேலையை நிறுத்திக்கொண்டிருந்தனர். ஆனைமலை வேறு, ஹேவாஹெட்ட வேறு எனலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரு கலைஞன் எந்த ஆண்டைத் தேர்கிறான், அவ்வாண்டின் எந்தப் பகுதியை விலக்குகிறான் என்பன கருத்துநிலை சார்ந்த வினாக்களே.

தமிழகத்துக் கலைஞரைக் கேட்குமுன் நம்மைக் கேட்டுக்கொள்வது முறை. ஈழத்துத் தமிழ்த் திரை மலையகத்தின்பால் முற்றாகக் கண்மூடியிருந்ததன்று. 1963இலேயே 'தோட்டக்காரி' வெளிவந்தது. தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் தயாரித்து, எஸ். இராமநாதன் இயக்கிய 'புதிய காற்று' 1975இல் தோட்ட மக்களின் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் குடும்பங்கள் கப்பலேறிக்கொண்டிருந்த, பெருந்தோட்டங்கள் அரசுடைமையான காலம் அது. தென்னிந்தியப் படத்தின் கதைகூறும் முறையை அத்தகைய முயற்சிகள் உதறவில்லை என்னும் குறை நியாயமானதே. ஆனால் முதலீடு சிறிது, சந்தை சிறிது, அச்சந்தையையும் சென்னைப் படங்களோடு பகிர வேண்டியிருந்தது. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிந்தபோது, வளர்ந்துவந்த ஒரு தொழிலின் அடித்தளமே சிதைந்தது. அழகியற் குறையை மட்டும் பேசி இப்புறநிலைக் காரணிகளைப் பேசாத விமர்சனம் அரைகுறையானது.

2023இன் நடையில் வந்தோர் தம் மூதாதையரை நினைவுகூர்ந்ததோடு அமையாது, காணியும் வீடும் நியாயமான கூலியும் சமத்துவமான குடியுரிமையும் கோரினர். அந்நடையைப் படமாக்க வருபவர், பாறைமீது அழுபவனை அங்கே தேடினால் காணமாட்டார்.

நாவுல முதியவர் 'புதிய காற்று' பார்த்தவர். கதை அவருக்கு நினைவில்லை. திரையில் முதன்முதலாகக் கொழுந்துக் கூடையைக் கண்டபோது, கொட்டகையின் முன்வரிசையிலிருந்து எழுந்த ஆரவாரம் மட்டும் நினைவிருக்கிறது என்றார்.