உணவில் திணை மயக்கம்

பல நாட்டுச் சமையல்களைக் கலந்து ஒரே மேசையில் படைக்கும் உணவகங்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இன்று மிகுந்து காணப்படுகின்றன. இத்தாலியரின் ஸ்பகெட்டிமேல் லக்ஸாக் குழம்பு ஊற்றப்படுகிறது. நம் தோசைக்குள் மேனாட்டார் பாலாடைக்கட்டி உருகுகிறது. இதனைப் புதுமை என்று போற்றுவோர் ஒரு சாரார். மரபுக்கேடு என்று தூற்றுவோர் மற்றொரு சாரார். போற்றுதலும் தூற்றுதலும் திறனாய்வு ஆகா. கலப்பு எங்கே சிறக்கிறது, எங்கே சிதைகிறது என்று பகுத்துக் காட்ட ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலை நாம் வெளியே தேடவேண்டுவதில்லை; தொல்காப்பியப் பொருளதிகாரத்திலேயே அதற்கு வழி உண்டு.

தொல்காப்பியர் அகத்திணைக்குரிய பொருள்களை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் தோன்றும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை முதலியன கருப்பொருள். மாந்தர் நெஞ்சில் நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். இவற்றுள் உரிப்பொருள் அல்லாதன மயங்கலாம் என்பது அவர் விதி. கருப்பொருள் வரிசையில் தெய்வத்தை அடுத்தே உணவு வைக்கப்பட்டிருப்பதை ஆசிரியர்கள் அறிவர். எனவே உணவு மயங்குதற்குரியது என்பது இலக்கணம் ஒப்பிய உண்மையேயாகும்.

இன்னும் ஒன்று நோக்கத்தக்கது. குறிஞ்சிக்குத் தினை, முல்லைக்கு வரகு, மருதத்திற்கு நெல் என்று அவ்வந்நிலத்து விளைவையே உணவாகக் கூறிய அகப்பொருள் நூலார், நெய்தலுக்கோ மீனும் உப்பும் விற்றுப் பெற்றவற்றை உணவாகக் கூறினர். கடற்கரை வாழ்வார் உணவு விளைவால் வருவதன்று, மாற்றால் வருவது! சிங்கப்பூரும் பினாங்கும் மலாக்காவும் துறைமுகங்கள், நெய்தல் நிலங்கள். இங்கே கலப்பில்லாத உணவை எதிர்பார்ப்பது பொருந்துமா?

மயங்கலாம் என்றால் எப்படியும் மயங்கலாம் என்பதன்று. ஓர் உணவுக்கும் உரிப்பொருள் என ஒன்று உண்டு. அவ்வுணவு எதற்காக உண்ணப்படுகிறதோ, எதை நீக்கினால் அது அதுவாக இராதோ, அதனையே இங்கு உரி என்கிறேன். உரி ஒன்று நிலைத்து நிற்க, கரு மயங்குமாயின் கலப்பு சிறக்கும். உரியே இல்லாத கலப்பு வெறும் குவியல்.

இதற்குச் சிறந்த சான்று சிங்கப்பூரின் மீன்தலைக் கறி. கேரளத்திலிருந்து வந்த எம். ஜே. கோமஸ் என்பார் 1949ஆம் ஆண்டில் தம் உணவகத்தில் இதனை அறிமுகப்படுத்தினார் என்பது இந்நகரத்து உணவு வரலாற்றில் பலரும் ஒப்பிய செய்தி. மீன்தலையைச் சீனர் விரும்பி உண்பதைக் கண்ட அவர், தென்னிந்தியக் குழம்பில் பெருமீன் ஒன்றின் தலையை முழுமையாக இட்டுப் படைத்தார். தலையை முதன்மையாக்கியது சீனர் விருப்பம். புளியும் மிளகாயும் கறிவேப்பிலையும் தென்னிந்தியக் கைவண்ணம். ஆயின் இதன் உரி யாது? சோற்றில் பிசைந்து உண்ணத்தக்க புளிக்குழம்பு என்பதே. அவ்வுரி சிறிதும் குன்றவில்லை. அதனால்தான் வாழையிலையில் சோறிட்டு உண்ணும் தமிழரும், கிண்ணத்துச் சோற்றோடு உண்ணும் சீனரும் அதனைத் தமதென்று கொண்டனர்.

பின்னர்ச் சீனச் சமையலாளர் சிலர் தலையைத் தனியே ஆவியில் வேகவைத்து, அதன்பின் குழம்பு சேர்க்கலாயினர். மீனின் மென்மை கெடாதிருத்தல் அவர்க்கு இன்றியமையாதது. ஒரே கறி இரு அடுப்புகளில் இரு நெறியாகப் பிரிந்தது. இரண்டும் வாழ்கின்றன, ஏனெனில் இரண்டிலும் சமைப்பவன் தான் எதனைக் காக்கிறான் என்று அறிந்திருந்தான்.

இனி, மீ கோரெங்கை நோக்குவோம். 'மீ' ஹொக்கியன் சொல். 'கோரெங்' மலாய்ச் சொல். இதனைச் சமைத்துப் பெயர்பெற்றவர்களோ தமிழ் முஸ்லிம்கள். அவர்களை மலாய்க்காரர் 'மாமாக்' என்று அழைத்தது நம் 'மாமா' என்னும் உறவுச்சொல்லால். இம்மூன்று மொழிகளும் ஓர் இரும்புச் சட்டியில் கூடியதை வியப்பவர் பலர். அவர்கள் காணத் தவறுவது, அச்சட்டியிலிருந்து நீக்கப்பட்டதை. சீனர் மீ வறுக்கப் பன்றிக் கொழுப்பைப் பயன்படுத்துவது வழக்கம். முஸ்லிமின் கடையில் அது நீங்கி எண்ணெய் வந்தது. அந்த ஒன்று நீங்கியதால், முன்பு அவ்வுணவை அணுக இயலாதிருந்த மலாய்க்காரரும் தமிழ் முஸ்லிம்களும் அதன்முன் அமர முடிந்தது. கலப்பு என்பது சேர்த்தல் மட்டுமன்று. பிறர் அமர இடம் விடுதலும் ஆகும். சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, பல இனத்தார் கூடி உண்ணும் வழக்கத்தையே சிறப்பித்தது என்பதும் நினையத்தக்கது.

'இவையெல்லாம் இயல்பாய் முகிழ்த்த கலப்புகள். இன்றைய உணவகங்களோ வாணிகத்திற்காகக் கலக்கின்றன' என்பார் உளர். இக்கூற்று நிற்காது. கோமஸ் செய்ததும் வாணிகமே. சீன வாடிக்கையாளரைப் பெறவேண்டும் என்று எண்ணியே அவர் மீன்தலையை அடுப்பேற்றினார். எனவே குற்றம் வாணிகத்தில் இல்லை. வேறுபாடு ஒன்றே: அவர் தம் எதிரே அமரக்கூடியவரின் நாவை நோக்கிச் சமைத்தார். இன்று சிலர் உணவுப் பட்டியலில் எழுதப்போகும் பெயரை நோக்கிச் சமைக்கின்றனர்.

தொடக்கத்திற் கூறிய லக்ஸா ஸ்பகெட்டியையே சோதிப்போம். லக்ஸாவின் உரி, தேங்காய்ப்பாலும் உலர்ந்த இறாலும் மணக்கும் குழம்பைக் கரண்டியால் அள்ளிப் பருகுதல். கத்தோங் வட்டாரத்து லக்ஸாவில் அரிசிச் சேவையைக் குறுக நறுக்கி, கரண்டி ஒன்றாலேயே உண்ணச் செய்திருப்பது இதனை விளக்கும். ஸ்பகெட்டியின் உரியோ வேறு. பதமாய் வெந்த நீண்ட இழையில் சாறு பற்றிக்கொள்ள, அதனை முள்கரண்டியில் சுற்றி உண்பது அது. லக்ஸாக் குழம்பைச் சுண்டக் காய்ச்சி இழையிற் பற்றச் செய்தால், அது லக்ஸா மணம் ஏறிய ஸ்பகெட்டி, நல்ல உணவு. குழம்பு பற்றவும் பற்றாமல், பருகவும் போதாமல் தட்டின் அடியில் தேங்குமானால், இரண்டு உரியும் கெட்டன என்க. அதனைப் புதுமை என்று பாராட்டுதல், எதுகை மட்டும் அமைந்த வரிகளைக் கவிதை என்று பாராட்டுதல் போன்றது.

எனவே இத்தகைய உணவகத்தில் அமர்வோர் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்க்கலாம். இவ்வுணவின் உரி எது? வந்து சேர்ந்த கரு அவ்வுரிக்குத் துணை செய்கிறதா? இதனை உண்ணப் புதிதாக யாரேனும் வந்து அமர முடிகிறதா? மூன்றுக்கும் விடை தேறினால், அது நேற்று தோன்றியதாயினும் ஏற்கத்தக்கது. தேறாவிடின், எத்தனை நாட்டுப் பெயரைச் சுமந்திருந்தாலும் விலக்கத்தக்கது.

இறுதியாக, தமிழர் சிந்திக்கவேண்டிய எல்லை ஒன்று உண்டு. மலாக்காச் செட்டிகள் சுல்தான்கள் காலத்தில் அங்கு வந்து, உள்நாட்டுப் பெண்களை மணந்து நிலைத்த தமிழ் வணிகரின் வழியினர். சைவம் அவர்களிடம் இன்றும் உண்டு. போகி நாளில் மூதாதையர்க்கு வாழையிலையில் படைக்கின்றனர். படையலில் மலாய்ச் சமையலின் மணமும் கலந்திருக்கும். திணை மயக்கத்திற்கு அதனினும் இனிய சான்று அரிது. எனினும் அவர்கள் வீட்டில் வழங்கும் மொழி மலாய். படையல் நின்றது, மொழி நிற்கவில்லை.

இதனை அவர்கள்மேல் குறையாகக் கூறவில்லை. உணவு கருப்பொருள் என்ற விதி இங்கே தன் முழுப் பொருளையும் காட்டுகிறது. மலாய்மொழியில் நம் 'கறி' உண்டு, நம் 'கடை' 'கெடாய்' என உண்டு. அச்சொற்களை ஏற்றும் மலாய்மொழி மலாய்மொழியாகவே நிற்கிறது. பிறர் தட்டில் நம் குழம்பு இடம் பெற்றது பெருமையே. ஆனால் அப்பெருமை நம் பிள்ளைகள் வாயில் தமிழ் நின்றதற்குச் சான்றாகாது. உணவை மயங்கவிடுவோம், மகிழ்ந்து உண்போம். மொழியைக் காக்கும் பொறுப்பை மட்டும் சமையற்கட்டில் இறக்கி வைத்துவிடலாகாது. அது வீட்டுப் பேச்சுக்கும் வகுப்பறைக்கும் உரியது.