அரபுத்தமிழ் நூல்களும் மின்படிமப் பணியாளரும்

கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபின், அவர் திரட்டிய நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் பெற்று, கடல் கடத்தாமல் சென்னையிலேயே நிலைபெறச் செய்தது. 1994இல் உருவான அந்நூலகம் இன்று அடையாற்றை அடுத்த தரமணியில் இயங்குகிறது. நுண்படத்தில் தொடங்கி மின்படிமம்வரை வந்த அதன் பணிகளுள் நான் பெரிதும் மதிப்பது நூலட்டவணையையே. அரபுத்தமிழ்க் கிதாபுகளை மின்படிமமாக்க முனையும் நம்மவர் கருத்தில் கொள்ளாததும் அதுவே.

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் ‘மகானீ’யை எடுத்துக்கொள்வோம். பெயர் அரபி; எழுத்து அரபி; மொழியோ தமிழ். விவரமறியாப் பணியாளர் அதனை அரபி நூலெனப் பதிந்துவிட்டால், தமிழ் நூல் தேடுவோருக்கு அது அகப்படாது. வலப்புறம் தொடங்கும் நூலை இடப்புறமிருந்து படமெடுத்தால், முடிவுரை முதற்பக்கமாகிவிடும். தமிழ் ஒலிகளுக்கெனப் புள்ளியிட்டு ஆக்கிய எழுத்துகளை இனங்காணவும் பயின்ற கண் வேண்டும்.

நம் செல்வந்தர்கள் கருவி வாங்கித் தருகிறார்கள். அதற்குத் திறப்புவிழாவும் உண்டு. அட்டவணை எழுதும் ஆலிமுக்கு ஈராண்டு ஊதியம் கேட்டால் மௌனமே விடை. நன்கொடை தீர்ந்ததும் பயின்ற இளைஞர் வேறு வேலை தேடிப் போக, அடுத்த திட்டம் மீண்டும் அலிஃபிலிருந்து தொடங்குகிறது. செலவில் பாதியையேனும் வாசிக்கத் தெரிந்தவர்க்கு ஒதுக்க வேண்டும். கருவி குறைந்தால் படங்கள் சற்றுத் தாமதமாகும், அவ்வளவே.