ஷிரானுயி கடலோரத்தில் இரு புரட்சிகள்

ஜப்பானியத் திருச்சபை வரலாற்றைக் கற்பிக்கும்போது 1873ஆம் ஆண்டை ஒரு திருப்புமுனையாகக் குறிப்பிடுவது நமது வழக்கம். இரண்டரை நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவ சமயத்தைத் தடைசெய்து ஊர்தோறும் நின்ற அறிவிப்புப் பலகைகள் அவ்வாண்டில் அகற்றப்பட்டன. 1868இல் நிகழ்ந்த மெய்ஜிப் புரட்சியின் கனிகளுள் ஒன்றாக இது போற்றப்படுகிறது. பெரும்பாலும் அடுத்த வாக்கியத்திலேயே இருப்புப்பாதை, தந்தி, நூற்பாலை, சுரங்கம் ஆகியனவும் அப்புரட்சியின் கனிகளாக வரிசைப்படுத்தப்படும். சமயச் சுதந்திரமும் தொழிற்பெருக்கமும் ஒரே கரத்தினின்று வந்த இரு கொடைகள் என்னும் எண்ணம் இவ்வாறு மாணவர் உள்ளத்தில் கேள்வியின்றிப் பதிந்துவிடுகிறது.

இவ்வெண்ணத்தை அசைக்கவல்ல நூலொன்றை ஈண்டு ஆராய முற்படுகிறோம். இஷிமுரே மிச்சிக்கோ அம்மையார் (1927–2018) 1969இல் வெளியிட்ட ‘குகாய் ஜோடோ’ என்பதே அது. மினமாட்டா நோயைப் பற்றிய நூல் என்றே உலகம் அதனை அறியும். அவரே 1999இல் வெளியிட்ட ‘அனிமா நோ தோரி’ என்னும் நாவலோ 1637ஆம் ஆண்டின் கிறிஸ்தவக் குடியானவர் கிளர்ச்சியைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒருங்கே படித்தாலன்றி முதல் நூலின் ஆழம் விளங்காது என்பது நமது கருத்து. முன்னதை மட்டும் படிப்போர், தொழிற்சாலைக் கழிவைப் பற்றிய ஓர் உருக்கமான ஆவணம் என்று அதனை மதித்து மூடிவைத்துவிடுவர்.

களத்தை முதலில் காண்போம். கியூஷுவின் மேற்குக் கரைக்கும் அமாக்குசாத் தீவுகளுக்கும் இடையே அடைபட்டுக் கிடக்கும் உட்கடலே ஷிரானுயி. இஷிமுரே அமாக்குசாவில் பிறந்து, கைக்குழந்தையாயிருந்தபோதே எதிர்க்கரையிலுள்ள மினமாட்டாவிற்குக் கொண்டுவரப்பட்டவர். கடும் வரியாலும் பஞ்சத்தாலும் சமயத் துன்புறுத்தலாலும் நொந்த அமாக்குசா மக்களும் ஷிமபாரா தீபகற்பத்துக் குடியானவரும் 1637இல் கிளர்ந்தெழுந்து, பதின்ம வயதினனாகிய ஓர் இளைஞனைத் தலைவனாகக் கொண்டு, ஹாரா என்னும் பாழ்பட்ட கோட்டையில் அரண் கொண்டனர். 1638 ஏப்ரலில் கோட்டை வீழ்ந்தது. உள்ளேயிருந்தவர்களில் ஏறத்தாழ 37,000 பேர் மாண்டனர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. முற்றுகையின்போது அரசின் வேண்டுகோளுக்கிணங்கி ஒல்லாந்தக் கப்பலொன்று அக்கோட்டையின்மீது 400க்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. சுட்டவர்கள் சீர்திருத்தத் திருச்சபையினர். அவர்களுக்கு வணிக உரிமை வேண்டியிருந்தது. புரட்டஸ்தாந்தராகிய நாம் இச்செய்தியை வகுப்பில் விரைந்து கடந்துவிடுவதுண்டு.

கிளர்ச்சிக்குப் பின் அமாக்குசாவின் பல ஊர்கள் ஆளற்றுப் போயின. வேற்றிடங்களிலிருந்து குடிகள் கொண்டுவந்து அமர்த்தப்பட்டனர். 42,000 கொக்கு என மிகையாக மதிக்கப்பட்டிருந்த நில விளைச்சல் 1659இல் பாதியாகக் குறைக்கப்பட்டது. கிளர்ச்சியாளரின் முறையீட்டில் இருந்த நியாயத்திற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. ஆயினும் வறுமை நீங்கவில்லை. சிறு நிலம், பெருகும் மக்கள், சுற்றிலும் கடல். எனவே தலைமுறைதோறும் அமாக்குசா ஏழைகள் எதிர்க்கரைக்குப் பெயர்ந்தனர். மினமாட்டாவின் மீனவக் குப்பங்களில் வாழ்ந்தோருள் கணிசமானோர் இவ்வாறு ஒதுங்கியவர்களின் வழித்தோன்றல்களே. நகரத்தார் அவர்களைத் தாழ்வாகவே எண்ணினர்.

இரண்டாம் புரட்சி இக்கரையை அடைந்த விதம் அமைதியானது. வாளும் இல்லை, முற்றுகையும் இல்லை. மெய்ஜி அரசு 1905இல் உப்பைத் தன் தனியுரிமையாக்கிற்று. மினமாட்டாவின் பழைய உப்பளத் தொழில் அழிந்தது. பிழைப்பிழந்த ஊரின் பெரியோர் தாமே சென்று தொழிற்சாலையை அழைத்தனர். நொகுச்சி ஷிதகாவு என்பார் தொடங்கிய நைட்ரஜன் உர நிறுவனம் 1908இல் அங்கே வேரூன்றிற்று. பிற்காலத்தில் சிஸ்ஸோ எனப் பெயர் பெற்றது அதுவே. (நொகுச்சி பிறந்த ஆண்டும் 1873தான்.) ஆக, அத்தொழிற்சாலை அந்நியர் திணித்த ஒன்றன்று. புரட்சி அரசு ஒரு கையால் பறித்த பிழைப்பை மறு கையால் திருப்பித் தருவதுபோல் அது வந்தது. பின்னர் அந்நிறுவனம் குடியேற்ற நாடாகிய கொரியாவின் ஹுங்னாமில் பேராலைகளை எழுப்பிற்று. 1945இல் அவற்றை இழந்து மீண்டும் மினமாட்டாவையே தன் வலிமையின் இருப்பிடமாக்கிற்று.

நஞ்சு உண்டான முறை சுருக்கமாகச் சொல்லக்கூடியது. அசிட்டிலீன் வாயுவினின்று அசிட்டால்டிஹைடு செய்வதற்குப் பாதரச உப்பு கிரியா ஊக்கியாகப் பயன்பட்டது. அவ்வினையில் மெத்தில் பாதரசம் துணைப்பொருளாக உண்டாகிக் கழிவுநீரோடு 1932 முதல் 1968 வரை கடலிற் சேர்ந்தது. சிற்றுயிர்களினின்று மீனுக்கும், மீனினின்று பூனைக்கும் மனிதருக்கும் ஏறிற்று. இனந்தெரியாத நரம்பு நோயென 1956 மே 1ஆம் நாள் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டபோது குப்பங்களிலே பூனைகள் வெறிகொண்டு சுழன்று சாகத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

தீவுகளைப் பொறுத்தவரை அதனினும் முக்கியமான ஆண்டு 1958. வளைகுடாவிற்குள் விடப்பட்டுவந்த கழிவு, அவ்வாண்டு செப்டம்பரில் மினமாட்டா ஆற்றின் முகத்துவாரத்திற்குத் திருப்பப்பட்டது. குடாவிற்குள் இருந்த நஞ்சு இதனால் உட்கடல் முழுவதற்கும் பரவ வழியாயிற்று. 1960ஐ அடுத்து மாவட்டச் சுகாதார நிலையம் கடலோர மக்களின் தலைமயிரைச் சோதித்தபோது கோஷோனோஉரா என்னும் தீவிலிருந்த ஒரு பெண்ணின் மயிரில் பத்து இலட்சத்தில் 920 பங்கு பாதரசம் காணப்பட்டது. அவர் தொழிற்சாலையைக் கண்ணால் கண்டவராயிருக்க வேண்டிய அவசியமில்லை. மீனை உண்டார், அவ்வளவே. இந்த எண் தெரிந்த பின்பும் அத்தீவில் முறையான மருத்துவ ஆய்வு நடைபெறப் பத்தாண்டளவு காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி நூலுக்கு வருவோம். ‘குகாய்’ என்பது பௌத்தர் கூறும் துக்க சாகரம். ‘ஜோடோ’ அமிதா புத்தரின் தூய நிலம். இரண்டையும் இடைச்சொல் ஏதுமின்றி அருகருகே நிறுத்தியதே ஆசிரியரின் முதல் துணிவு. துன்பத்தைக் கடந்து சென்றால் அந்நிலம் உண்டென்கிறாரா, துன்பக் கடலே அந்நிலம் என்கிறாரா என்பது இறுதிவரை தீர்க்கப்படவில்லை. தீர்க்காமல் விட்டதே முறை என்று நாம் கருதுகிறோம். நூலின் உடல் இருவகை மொழியால் ஆனது. ஒன்று மீனவரின் வட்டார மொழி. கணவனோடு படகேறிக் கடலில் வாழ்ந்த நாட்களை, கைகால் நடுங்கி நாக்குழறும் நோயாளிப் பெண்ணொருத்தி மருத்துவமனையில் நினைவுகூரும் அதிகாரமும், கருவிலேயே நோயுற்றுப் பேச்சற்றுப் பிறந்த பேரனைக் குறித்து முதியவரொருவர் பேசும் அதிகாரமும் இதன் உச்சங்கள். மற்றொன்று மருத்துவ அறிக்கை, மன்றக் குறிப்பு, ஒப்பந்தம் ஆகியவற்றின் மொழி. இவற்றை ஆசிரியர் மாற்றாமல் இடையிடையே வைத்துச் செல்கிறார்.

அவ்வாறு வைக்கப்பட்டவற்றுள் 1959 டிசம்பர் 30ஆம் நாளைய ‘அனுதாபப் பண’ ஒப்பந்தம் நினைவை விட்டு அகலாதது. இறந்தவர்க்கு 3,00,000 யென், உயிரோடிருக்கும் பெரியவர்க்கு ஆண்டுக்கு 1,00,000, குழந்தைகளுக்கு 30,000. நோய்க்குக் காரணம் தொழிற்சாலையே எனப் பின்னர் தெளிவானாலும் புதிதாக இழப்பீடு கேட்கலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, கழிவைக் கலந்த உணவால் பூனைக்கு அதே நோய் வந்ததை நிறுவன மருத்துவமனையின் தலைவர் ஹொசொகாவா ஹஜிமே கண்டிருந்தார். நிறுவனமும் அதனை அறிந்திருந்தது. 1970இல் மரணப்படுக்கையிலிருந்து அவர் சாட்சியம் அளித்தார். 1973 மார்ச் 20இல் குமமோட்டோ நீதிமன்றம் அவ்வொப்பந்தத்தை நல்லொழுக்கத்திற்கு முரணானதெனச் செல்லாததாக்கிற்று. இவ்விரு மொழிகளையும் மாறிமாறிப் படிக்கும் வாசகர்க்கு விளக்கவுரை தேவைப்படாது.

மீனவரின் பேச்சைக் குறித்து ஒரு சிக்கல் உண்டு. நூல் வெளியானபோது அது கேட்டெழுதிய வாக்குமூலம் என்றே பலரும் நம்பினர். அதன் சிற்றிதழ் வடிவத்தை முதன்முதல் வெளியிட்ட வதனாபே கியோஜி, 1972ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய விளக்கவுரையில், இது அவ்வாறான பதிவன்று, ஆசிரியரின் சொந்தப் புனைவே என்று வெளிப்படுத்தினார். நோயாளியின் உள்ளத்தில் உள்ளதைச் சொல்லாக்கினால் இவ்வாறுதானே வரும் என்பது இஷிமுரே தந்த விடையின் சாரம். இதனை ஏமாற்று எனக் கடிந்தோரும் உளர். வேத பாடத்தில் பழகிய நாம் அவ்வளவு விரைந்து தீர்ப்பளிக்க இயலாது. புலம்பல் நூலில் பாழடைந்த நகரம் ஒரு விதவையாக வாய்திறக்கிறது, அவ்வாய் யாருடையது? பேச முடியாதவர்க்காகப் பேசுவது தீர்க்கர் மரபு. எனினும் அதில் ஆபத்தும் உண்டு. மினமாட்டாவில் தாயொருத்தி நோயுற்ற மகளை நீராட்டும் புகழ்பெற்ற நிழற்படத்தை மேலைநாட்டுக் கிறிஸ்தவர் ‘பியெட்டா’ என்றழைத்து மகிழ்ந்தனர். பெற்றோரோ தம் மகள் இளைப்பாறட்டும் என விரும்பினர். 1998இல் அப்படத்தைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கே அளிக்கப்பட்டது. மாதிரி உருவமாக்கப்பட்ட துன்பம் துன்புற்றவருடையதாக இராமற்போகலாம். இஷிமுரேயின் பேச்சு மாந்தர் இவ்வாபத்துக்குத் தப்புகின்றனர் என்பது நமது மதிப்பீடு. அவர்கள் மீனின் ருசியையும், துடுப்பு வலிக்கும் முறையையும், அயலாரின் பொறாமையையும் பேசுகின்றனர்; எதற்கும் உருவகமாக நிற்க மறுக்கின்றனர்.

நூலின் குறை வேறிடத்தில் உள்ளது. தொழிற்சாலைக்கு முந்திய கடல் இதில் ஏதேனாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த ஏதேனிலிருந்தே அமாக்குசாவின் பெண்மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிங்கப்பூர் வரை விற்கப்பட்டனர். பசியறிந்த ஊர் தொழிற்சாலையை ஏன் வரவேற்றது என்பதை உணராமல் அதன் பாவத்தை முற்றிலும் உணர இயலாது. தொழிலாளரும் நூலில் மங்கலாகவே தென்படுகின்றனர். நோயாளிகளை ஒதுக்கியவர்களுள் அவர்களும் இருந்தனர் என்பது மெய்யே. எனினும் 1962–63இன் நீண்ட வேலைநிறுத்தத்தில் தாமே நசுக்கப்பட்ட பின்னர், 1968 ஆகஸ்டில் அவர்களது முதல் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. நோயாளிகளுக்காகப் போராடாதிருந்தது தமக்கு வெட்கம் என்று வெளிப்படையாக அறிவித்தது. அறிக்கையிடுதலைப் பற்றி நாம் நிகழ்த்தும் விரிவுரைகளில் இத்தீர்மானத்திற்கு ஓரிடம் இருக்கத் தகும்.

பிந்திய நாவல் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. 1971 டிசம்பரில் நோயாளிகள் சிலர் டோக்கியோவிலுள்ள நிறுவனத் தலைமையகத்தில் மறியலில் அமர்ந்தனர். அவர்களோடு அங்கே தங்கிய இஷிமுரே, ஹாரா கோட்டைக்குள் அடைபட்டிருந்த தம் தீவினரை நினைத்ததாகப் பின்னர் கூறியுள்ளார். கால் நூற்றாண்டுக்குப்பின் அந்நினைவு நாவலாயிற்று. அதிலே அமாக்குசா பொன்னுலகமன்று. பசியும் வரியும் நிறைந்த தீவு. ‘அனிமா’ என்பது மிஷனெரிகள் கொணர்ந்த சொல், ஆன்மா எனப் பொருள்படுவது. அதனை ஆசிரியர் பறவைக்கும் கடலுக்கும் உரியதாக்கிவிடுகிறார். கிறிஸ்தியலைத் தேடி வருவோர் ஏமாறுவர். கிளர்ச்சியாளரின் மென்மையை அவர் மிகைப்படுத்துகிறார் என்றும் நாம் குறிப்பிட்டாக வேண்டும். சேர மறுத்த ஊர்களை அவர்கள் கட்டாயப்படுத்திய செய்தி வரலாற்றில் உண்டு. ஆயினும் இரு நூல்களுக்கும் இடையே எழும் கேள்வியைத் தவிர்க்க இயலாது. தோற்ற புரட்சி இத்தீவுகளின் மக்களைக் கோட்டைக்குள் பலிகொண்டது. வென்ற புரட்சி அவர்களுடைய சந்ததியின் உணவில் நஞ்சிட்டது. முன்னதைக் குறித்து நமது நூல்களில் ஒரு பத்தி உண்டு, பின்னதன் வெற்றியைக் குறித்து ஓர் அதிகாரம் உண்டு. ஓசியா நான்காம் அதிகாரத்தில், தேசத்தின் பாவம் கடல் மீன்களையும் தொடும் என்று தீர்க்கர் கூறுவதை நாம் அணியாகவே விளக்கி வந்திருக்கிறோம்.

இஷிமுரேயின் தோழரும் மீனவருமான ஒகாட்டா மசாத்தோ இதே கேள்வியை வேறு முனையிலிருந்து தொட்டார். தந்தையை இந்நோய்க்கு இழந்த அவர், நோயாளியாக அங்கீகரிக்கக் கோரிய தம் விண்ணப்பத்தை 1985இல் திரும்பப் பெற்றார். 2001இல் வெளியான அவரது நூலின் பெயர் ‘சிஸ்ஸோ நானாயிருந்தேன்’. தாமும் வாகனத்தையும் செயற்கைப் பிசின் படகையும் பயன்படுத்தி வாழும் அதே நாகரிகத்தின் அங்கம் என்று கண்டதன் விளைவு அப்பெயர். இதனைப் படித்துவிட்டு, எல்லாரும் குற்றவாளிகள் எனவே எவரும் குற்றவாளியல்லர் என்ற முடிவுக்குத் தாவும் போதகர்களை நாம் கண்டதுண்டு. அவர் அவ்வாறு கூறவில்லை. ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே அச்சொல்லை அவர் தம்மைக் குறித்துச் சொன்னார். நிறுவனத்திற்காக எவரும் அதனை இரவல் வாங்க உரிமையில்லை.

குமமோட்டோ, ககோஷிமா மாவட்டங்களில் அங்கீகாரம் பெற்ற நோயாளிகள் 2,200க்குச் சற்று மேற்பட்டவரே. 2009ஆம் ஆண்டுச் சிறப்புச் சட்டத்தின்படி நிவாரணம் பெற்றோர் பல்லாயிரவர். ஆனால் அச்சட்டத்திற்கென அரசு வரைந்த எல்லைக்கோடு அமாக்குசாவின் பல பகுதிகளை வெளியே விட்டது, மீன்கள் அக்கோட்டை அறிந்திருந்தன போலும். கோட்டிற்கு அப்பாற்பட்டோரையும் உள்ளடக்கிய 128 வழக்காளிகளை 2023 செப்டம்பரில் ஒசாக்கா நீதிமன்றம் நோயாளிகளாக ஏற்றது. 2024 மார்ச்சில் குமமோட்டோ நீதிமன்றம் மற்றொரு குழுவினரின் கோரிக்கையைத் தள்ளியது. அவ்வாண்டு மே 1ஆம் நாள் நினைவு வழிபாட்டிற்குப்பின் சுற்றுச்சூழல் அமைச்சரோடு நோயாளிகள் உரையாட ஏற்பாடாகியிருந்தது. ஒருவருக்கு மூன்று நிமிடங்கள் என்பது விதி. முதியவரொருவர் தம் மனைவி நோயுற்று மாண்டதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் நேரம் கடந்தது. அதிகாரிகள் அவருடைய ஒலிவாங்கியை நிறுத்தினர். ஒரு வாரத்திற்குப்பின் அமைச்சர் மினமாட்டாவிற்குத் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார்.