தபசுப் பூனைக்குக் கொஞ்சம் வெளிச்சம்

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறைச் சிற்பம். பிற்பகலில் போனால் முழுக்க நிழல். போட்டோவில் எல்லாம் ஒரே சாம்பல். முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் நடிக்கிற பூனையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதற்கு எனக்குப் பிடித்த வைத்தியம் ‘கிளாஹே’ என்ற அல்காரிதம். மொத்தப் படத்துக்கும் வெளிச்சத்தை ஏற்றினால் வானம் வெளுத்துப்போகும். இதுவோ படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக, பெரும்பாலும் 8-க்கு 8 என்று, பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் எந்தச் சாயல் எத்தனை பிக்சலில் இருக்கிறது என்று எண்ணி, நெருக்கியடித்துக் கிடப்பவற்றை விலக்கி வைக்கிறது. 0 முதல் 255 வரை இடமிருந்தும் 90-க்கும் 110-க்கும் நடுவே முடங்கிக் கிடந்த பூனை கைகால் நீட்டிக்கொள்கிறது.

நயமே அதன் கட்டுப்பாட்டில்தான். ஒரு சாயல் அளவுமீறிக் குவிந்தால், உபரியை வெட்டி மற்றவற்றுக்குப் பங்கிட்டுவிடும். அந்த வரம்பைத் தாராளமாக ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. வழவழப்பான பாறையெல்லாம் சொரசொரப்பாகி, பல்லவச் சிற்பி கொத்தாத உளித்தடமெல்லாம் முளைக்கும். வாட்ஸ்அப்புக்குச் சரி, ஆவணத்துக்கு ஆகாது. நான் வரம்பை 2-லேயே நிறுத்திவிடுவேன். பூனையின் காலடி எலிகள் தெரிய அதுவே தாராளம்.