கோட்டைத் தொடாத ஓட்டக்காரர்

பந்தயம் முடிய இன்னும் சில கஜம்தான். அடுத்து வருபவன் வெகுதூரம் பின்தங்கிவிட்டான். மைதானத்தின் ஓரத்தில் சீர்திருத்தப் பள்ளியின் கண்காணிப்பாளர் கோப்பை கைக்கு வந்துவிட்ட பூரிப்பில் இருக்கிறார். கூட்டம் கத்துகிறது. அந்த நேரத்தில்தான் காலின் ஸ்மித் நின்றுவிடுகிறான். காலில் சுளுக்கு இல்லை, மூச்சும் அடைக்கவில்லை. வேண்டுமென்றே நிற்கிறான். எதிரணிப் பையன் தாண்டிப் போகும்வரை கண்காணிப்பாளரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவுகிறது.

1962இல் வந்த 'தி லோன்லினஸ் ஆஃப் தி லாங் டிஸ்டன்ஸ் ரன்னர்' படத்தின் உச்சக்காட்சி இது. ஆலன் சிலிட்டோவின் கதையை டோனி ரிச்சர்ட்சன் இயக்கினார். காலினாக நடித்தவர் டாம் கோர்ட்னி. அவருக்கு அப்போது 25 வயதுகூட நிரம்பவில்லை என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அவ்வளவு ஒல்லி, அவ்வளவு பசித்த முகம். விளையாட்டைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. பெரும்பாலானவை கடைசிக் கோட்டைத் தொடுவதற்காகவே எடுக்கப்பட்டவை. தொடாமல் நின்றதற்காக நினைவில் நிற்கும் படம் இது ஒன்றுதான் என்பேன்.

அந்த ஒரு நிறுத்தத்தைக் கோர்ட்னி எப்படிக் கட்டுகிறார் என்று கவனித்தால் அவருடைய கலை பிடிபட்டுவிடும். படத்தில் அவர் இரண்டு விதமாக ஓடுகிறார். அதிகாலையில் காவல் இல்லாமல் காட்டுக்குள் தனியாக ஓட அனுமதி கிடைக்கும்போது உடம்பு முழுவதும் தளர்ந்து, துள்ளிக் குதித்து, விடுமுறை கிடைத்த சிறுவனைப் போல ஓடுகிறார். பந்தய நாளிலோ உடம்பு இறுகியிருக்கிறது, பார்வை நேராக இருக்கிறது. கால்கள் வேறு யாருக்காகவோ உழைக்கின்றன. வசனமே இல்லாமல் இந்த வித்தியாசத்தை அவர் காட்டிவிடுவதால்தான் கடைசியில் அவன் நிற்கும்போது நமக்கு அதிர்ச்சியைவிட நிம்மதியே அதிகம் வருகிறது. பின்னணியில் அப்பாவின் மரணம், இழப்பீட்டுப் பணத்தை அம்மா செலவழித்த விதம், அந்தப் பணத்தில் ஒரு நோட்டை அவன் கொளுத்திப் போட்டது எல்லாம் துண்டு துண்டாக வந்து போகின்றன. இத்தனையும் அந்தச் சிரிப்புக்குள் அடங்கிவிடுகிறது. அந்த ஆண்டின் நம்பிக்கைக்குரிய புதுமுகத்துக்கான பாஃப்டா விருது அவருக்குக் கிடைத்ததில் வியப்பில்லை.

கோர்ட்னி 1937இல் ஹல் நகரில் பிறந்தவர். மீன்பிடித் தொழிலை நம்பிப் பிழைத்த துறைமுகம் அது. அப்பா படகுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. அம்மாவுக்கு எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசை இருந்தது, வாய்ப்புதான் வரவில்லை. லண்டனுக்குப் படிக்கப் போன மகனுக்கு அவர் எழுதிய கடிதங்களைப் பல ஆண்டுகள் கழித்து, 2000இல், 'டியர் டாம்' என்ற புத்தகமாக மகனே கொண்டுவந்தார். எழுத நினைத்த தாயின் எழுத்து அச்சேறியது அப்படித்தான்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆங்கில இலக்கியம் படித்தார், பட்டம் கிடைக்கவில்லை. அங்கிருந்து ராடா நாடகப் பள்ளிக்குப் போனார். 1960இல் ஓல்டு விக் குழுவோடு செகாவின் 'தி சீகல்' நாடகத்தில் மேடையேறினார். அடுத்த ஆண்டு 'பில்லி லையர்' நாடகத்தில் ஆல்பர்ட் ஃபின்னி விட்ட இடத்தை எடுத்துக்கொண்டார். நட்சத்திரமாகிவிட்ட ஒருவர் நடித்த வேடத்தில் பாதியில் நுழைவது சாதாரணக் காரியமல்ல. ஆனால் 1963இல் ஜான் ஷ்லெசிங்கர் அதைப் படமாக்கியபோது பில்லி என்றால் கோர்ட்னிதான் என்று ஆகியிருந்தது.

பில்லியும் நின்றுவிடுகிறவன்தான். சவ அடக்க நிறுவனத்தில் குமாஸ்தா, மனதுக்குள் ஆம்ப்ரோசியா என்ற கற்பனை நாட்டின் தலைவன். லண்டனுக்குப் போக ரயில் நிற்கிறது, ஜூலி கிறிஸ்டி நடித்த லிஸ் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். பால் வாங்கி வருகிறேன் என்று இறங்கிப்போன பில்லி, இயந்திரத்தின் முன்னாலேயே நேரத்தைக் கடத்துகிறான். பிறகு ரயிலைப் பிடிக்க ஓடிவருகிறான். அந்த ஓட்டத்தைப் பாருங்கள். நெடுந்தொலைவு ஓட்டக்காரனாக நடித்த அதே கால்கள், பிடிக்க விருப்பமில்லாத ஒருவனின் ஓட்டத்தை ஓடுகின்றன. ரயில் போய்விடுகிறது. அவனுடைய பெட்டி மட்டும் நடைமேடையில் இருக்கிறது. அவள் அவனை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறாள்.

1964இல் ஜோசப் லோசியின் 'கிங் அண்ட் கன்ட்ரி'. முதல் உலகப் போரில் மூன்றாண்டு தாக்குப்பிடித்த சிப்பாய் ஹாம்ப், ஒருநாள் பீரங்கிச் சத்தத்திலிருந்து விலகிச் சும்மா நடக்கத் தொடங்குகிறான். ராணுவம் அதற்கு வைக்கும் பெயர் தப்பியோட்டம். டர்க் போகார்ட் அவனுக்காக வாதாடும் அதிகாரி. கோர்ட்னி அழுது புரண்டிருந்தால் நமக்கு இரக்கம் வந்திருக்கும், அவ்வளவுதான். அவரோ தன்மீது என்ன குற்றம் என்றே சரியாகப் புரியாதவனாக, கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைத்தான் தாங்க முடிவதில்லை. வெனிஸ் திரைப்பட விழா சிறந்த நடிகருக்கான வோல்பி கோப்பையை அவருக்குத் தந்தது.

அடுத்த ஆண்டே டேவிட் லீனின் 'டாக்டர் ஷிவாகோ'. கண்ணாடி போட்ட கூச்ச சுபாவ மாணவன் பாஷா, முகத்தில் வெட்டுத் தழும்போடு, ரயிலில் திரியும் இரக்கமற்ற புரட்சித் தளபதி ஸ்ட்ரெல்னிகோவாக மாறுகிறான். படத்தில் வரும் நேரம் குறைவுதான், ஆஸ்கர் துணை நடிகர் பரிந்துரை வந்தது. ஹாலிவுட்டின் கதவு திறந்தே இருந்தது.

அவர் மான்செஸ்டருக்குப் போனார்.

இதைப் பின்வாங்கல் என்று எழுதியவர்கள் உண்டு. ஒரு விளையாட்டு வீரன் தன் உடம்புக்கு ஏற்ற களத்தைத் தேர்ந்தெடுப்பதைப் போலத்தான் எனக்கு இது படுகிறது. பழைய பருத்திச் சந்தைக் கட்டடத்தின் பெருங்கூடத்துக்குள் எஃகும் கண்ணாடியுமாக ஒரு வட்ட அரங்கத்தைப் பொருத்தி 1976இல் ராயல் எக்ஸ்சேஞ்ச் தியேட்டர் திறக்கப்பட்டது. அதன் பாரத்தைக் கூடத்தின் தரை தாங்காது என்பதால் சுற்றியுள்ள பெரிய தூண்களில் தொங்கவிட்டிருக்கிறார்கள். நடுவில் மேடை, நான்கு பக்கமும் பார்வையாளர்கள். திரும்பி நின்று முகத்தை மறைக்க வழியே கிடையாது. முதல் பருவத்து நாடகங்களான 'தி ரைவல்ஸ்', 'தி பிரின்ஸ் ஆஃப் ஹோம்பர்க்' இரண்டிலும் கோர்ட்னி நடித்தார். சின்னச் சின்ன அசைவில் பேசும் நடிகருக்கு இவ்வளவு நெருக்கமான ஆடுகளம் வேறெங்கும் அமைந்திருக்காது.

அங்கேதான் 1980இல் ரொனால்ட் ஹார்வுட்டின் 'தி டிரெஸ்ஸர்' பிறந்தது. ஹார்வுட் இளம் வயதில் டொனால்ட் வுல்ஃபிட் என்ற பெரிய நடிகருக்கு ஒப்பனை அறை உதவியாளராக இருந்தவர். அந்த அனுபவத்திலிருந்து எழுதினார். இரண்டாம் உலகப் போர், குண்டுவீச்சு, தளர்ந்துபோன வயதான நடிகர். அன்றிரவு லியர் மன்னராக அவரை எப்படியாவது மேடையேற்றியாக வேண்டும். அதைச் செய்பவன் உதவியாளன் நார்மன். கோர்ட்னி அந்த நார்மனாக மான்செஸ்டரிலும் லண்டனிலும் பிராட்வேயிலும் நடித்துவிட்டுத்தான் 1983இல் பீட்டர் யேட்ஸின் படத்துக்கு வந்தார். படத்தில் அந்த வயதான நடிகராக வந்தவர் அதே ஆல்பர்ட் ஃபின்னி.

இருவரும் ஆடும் ஆட்டம் அற்புதமானது. ஃபின்னி கர்ஜிக்கிறார், புலம்புகிறார், ஒரு காட்சியில் ரயிலையே அதட்டி நிறுத்துகிறார். கோர்ட்னி ஓயாமல் பேசிக்கொண்டே, சட்டையை மாட்டிவிட்டு, மறந்த வரியை எடுத்துக் கொடுத்து, இடையிடையே குப்பியிலிருந்து ஒரு மடக்கு பிராந்தி குடித்துக்கொள்கிறார். கடைசியில் முதலாளி இறந்துபோகிறார். அவர் எழுதத் தொடங்கிய சுயசரிதையின் சமர்ப்பணப் பக்கத்தை நார்மன் படிக்கிறான். நாடகத்துக்கு உழைத்த யார் யாருக்கோ நன்றி இருக்கிறது. உதவியாளனுக்கு மட்டும் இல்லை. அதுவரை ஓயாத வாய் நின்றுபோகிறது. காலினும் பில்லியும் நின்ற இடம் அவர்களே தேர்ந்தெடுத்தது. நார்மனை வாழ்க்கை நிறுத்திவைக்கிறது, அந்த வலியை கோர்ட்னி கோபமும் காதலும் கலந்து கொட்டுகிறார்.

ஃபின்னி, கோர்ட்னி இருவருமே ஆஸ்கர் சிறந்த நடிகர் பட்டியலில் இடம்பெற்றார்கள். வென்றவர் ராபர்ட் டுவால். கோல்டன் குளோபை டுவாலும் கோர்ட்னியும் பகிர்ந்துகொண்டார்கள். ஒரே படத்தின் இரு நடிகர்களை எதிரெதிரே நிறுத்தி ஓட்டுப் போடச் சொன்னது இந்தப் படத்துக்குச் செய்த அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். நார்மன் இல்லாவிட்டால் அந்த லியர் இல்லை.

2001இல் சர் பட்டம். 'லிட்டில் டோரிட்' போன்ற தொலைக்காட்சித் தொடர்கள். ஹல் நகரில் நூலகராக வாழ்ந்த கவிஞர் ஃபிலிப் லார்கினைப் பற்றிய தனிநபர் நாடகம். ஹல் சிட்டி கால்பந்து அணியின் மீது மாறாத பாசம். ஊர் அவரை விடவில்லை, அவரும் ஊரை விடவில்லை.

பிறகு 2015இல், எழுபது வயதைத் தாண்டி வெகுநாளான நிலையில், ஆண்ட்ரூ ஹேகின் '45 இயர்ஸ்'. நார்ஃபோக் கிராமப்புறத்தில் ஒரு தம்பதி 45ஆவது மணநாள் விருந்துக்குத் தயாராகிறார்கள். அந்த வாரத்தில் ஒரு கடிதம் வருகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஸ்விட்சர்லாந்து மலையில் விழுந்து இறந்த, கணவரின் பழைய காதலியின் உடல் பனிப்பாறைக்குள் அப்படியே கிடக்கிறதாம். அதன்பின் கோர்ட்னி நடிக்கும் கணவர் ஜெஃப் செய்வதெல்லாம் சின்ன விஷயங்கள்: வாக்கியத்தைப் பாதியில் விடுகிறார், விட்டிருந்த சிகரெட்டைத் திரும்பப் பிடிக்கிறார், இரவில் பரண்மேல் ஏறுகிறார். கிழவருக்கு இளமை வந்துவிட்டதோ என்று நமக்கே பயமாக இருக்கிறது. மனைவி கேட் பாத்திரத்தில் அவை ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் சார்லட் ராம்ப்ளிங்கின் முகத்தில்தான் படம் நடக்கிறது.

விமர்சகர்கள் அந்த முகத்தைக் கொண்டாடினார்கள், அது தகும். ஆஸ்கர் பரிந்துரையும் அவருக்கு மட்டுமே வந்தது. ஆனால் விருந்துக் காட்சியை இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஜெஃப் எழுந்து பேசுகிறார், தடுமாறுகிறார், கண் கலங்குகிறார். அந்தக் கண்ணீர் மனைவிக்கா, இறந்தவளுக்கா என்று கடைசிவரை தீர்ப்புச் சொல்ல முடியாதபடி கோர்ட்னி பேசுகிறார். நடனத்தில் அவர் உற்சாகமாகக் கையை உயர்த்துகிறார், கேட் தன் கையை உதறி இறக்கிக்கொள்கிறார். அவர் பொய்யனாக நடித்திருந்தால் அந்த உதறலுக்குக் காரணம் எளிதாகிவிடும். அவர் உண்மையாகவே மகிழ்ச்சியாக இருப்பதால்தான் அது நம்மைக் குத்துகிறது. பெர்லின் விழாவின் நடுவர்கள் இதைக் கண்டுகொண்டு, சிறந்த நடிகைக்கும் சிறந்த நடிகருக்குமான வெள்ளிக் கரடிகளை இருவருக்குமே கொடுத்தார்கள். 1984இல் 'தி டிரெஸ்ஸர்' விஷயத்தில் ஹாலிவுட் தவறவிட்ட கணக்கை அவர்கள் சரியாகப் போட்டார்கள்.