சங்கக்கடைக் கதிரை

ஸ்கண்டிநேவியத் தளபாடம் என்ற பேச்சு வந்தால் செங்கலடியில் இரண்டு கதை கேட்கலாம். ஒஸ்லோவிலிருந்து லீவில் வரும் மருமகன், “அதெல்லாம் மலிவுச் சாமான் மாமா, வாங்கிக்கொண்டுபோய் நாங்களே பூட்டுறது” என்பார். கொழும்புக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று விலைச்சீட்டைப் பார்த்து வந்தவரோ, அது காசுக்காரருக்குச் செய்தது என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரி. மருமகன் சொல்வது ஐக்கியா. மேசைக் காலைக் கழற்றித் தட்டையான பெட்டியில் அடைத்து விற்கும் முறையை 1956இல் தொடங்கி, 1963இல் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் கடை திறந்த சுவீடன் கம்பனி அது. மற்றவர் பார்த்தது பெரும்பாலும் டென்மார்க் கதிரையாக இருக்கும்.

எனக்குப் பிடித்த டென்மார்க் கதிரை ஒன்று உண்டு. அதன் பிறப்பிடம் ஒரு சங்கக்கடை! 1942இல் அந்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் சம்மேளனம், பேர்கெ மோகன்சன் என்ற இளைஞரைத் தளபாடப் பகுதிக்குத் தலைவராக வைத்தது. 1947இல் அவர் வரைந்த ஜே39 கதிரையை அங்கே ‘மக்கள் கதிரை’ என்றே அழைத்தார்கள். நேரான கால்கள், முதுகுக்கு வளைந்த ஒரே பலகை, முறுக்கிய காகிதக் கயிற்றில் பின்னிய இருக்கை. நான்கு பக்கமிருந்தும் வரும் பின்னல் நான்கு முக்கோணங்களாக நடுவில் கூடும். மறைக்க ஒன்றுமில்லாத வேலை என்பதால் தச்சன் ஓரிடத்தில் பிழைவிட்டாலும் தெரிந்துவிடும். அன்றைய கூலிக்காரர் வீட்டுக்கென்று வரைந்த அந்தக் கதிரை, இன்று இங்குள்ள ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்துக்குள் அடங்காது.

இதைப் பார்க்கும்போது நம் விறாந்தைப் பிரம்புக் கதிரைதான் நினைவுக்கு வரும். சட்டத்தைச் சுற்றித் துளை. ஈரத்தில் ஊறவைத்த பிரம்பு நாரை நெடுக்காக, குறுக்காக, பிறகு இரு பக்கமும் கோணலாக இழுத்துக் கோர்ப்பார்கள். எண்கோணக் கண்கள் தானாகத் திறக்கும். காய்ந்ததும் நார் சுருங்கி இருக்கை விறைத்துக்கொள்ளும். ஆணியும் பசையும் செய்யாததைத் தண்ணீர் செய்துவிடும். கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில், முதுகு வேர்க்காமல் இருக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. டென்மார்க்கின் காகிதக் கயிறு நன்றாக உழைக்கும்தான், ஆனால் காற்று விடாது. இந்த ஒரு விஷயத்தில் மோகன்சனைவிட நம் பின்னல்காரருக்கே நான் புள்ளி கூடப் போடுவேன்.

நம் சங்கக்கடைகள் அரிசியும் சீனியும் மண்ணெண்ணெயும் நியாய விலைக்குத் தந்தன. தச்சனையும் பின்னல்காரரையும் சம்பளத்துக்கு வைத்து, ஒரே மாதிரியில் ஆயிரம் கதிரை செய்து விற்கும் யோசனை அங்கே வரவில்லை. அந்த இடத்தைப் பிளாஸ்டிக் கதிரை பிடித்துக்கொண்டது. கலியாண வீட்டில் இருநூறு பேரை இருத்த அதுதான் வேண்டும்; அதில் எனக்கு வழக்கில்லை. விறாந்தைக்கு மட்டும் பிரம்புதான் கேட்பேன். பின்னல் அறுந்தால் கூலி கொடுத்துத் திரும்பப் பின்னலாம், பிளாஸ்டிக் கால் பிளந்தால் குப்பையில்தான் போடவேண்டும்.